பதினொரு தையல்

என் இடது கையில் முழங்கைக்குக் கீழே
தண்டவாளம் ஒன்று ஓடுகிறது.
பதினொரு தையல்.
இறங்கும்போது சாய்ந்த ட்ரோனை
பிள்ளையை ஏந்துவதுபோல் ஏந்தப் போனேன்.
பத்து லிட்டர் மருந்து, ஆறு விசிறி.
அதற்கு நான் யாரென்று தெரியாது.

சேரன்மகாதேவியில் தைத்த டாக்டரம்மா
"விழுந்தா விழட்டும்னு விட வேண்டியதுதானே,
மெஷினுக்கு ஸ்பேர் கிடைக்கும்லா" என்றார்.
பயிற்சியிலும் இதைத்தான் சொன்னார்கள்.
மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சொன்னார்கள்.

மேலச்செவலில் ஒருநாள் சிக்னல் அறுந்தது.
புறப்பட்ட இடத்துக்குத் திரும்பு என்று
நான் கற்றுக்கொடுத்தபடியே அது திரும்பியது,
நேர்கோட்டில், இருபது மீட்டர் உயரத்தில்.
வழியில் நின்ற பனை இருபத்திரண்டு.
பனையேறி கலயம் கட்டி இறங்கி
பத்து நிமிடம் ஆகியிருந்தது.
கீழே நின்று பீடி பற்றவைத்தவர்
முதலில் உடைந்த விசிறியைப் பார்த்தார்,
பிறகு என்னை,
பிறகு வெகுநேரம் மேலே, தன் பாளைகளை.
ஒன்றும் சொல்லவில்லை.
இப்போது வயலுக்குப் போனால்
பனைகளை எண்ணிவிட்டுத்தான் பெட்டியைத் திறக்கிறேன்.

அந்தோணி மிக்கேல் வரப்பைச் சுற்றி நடந்து வருவான்,
மின்கம்பத்தின் இழுகம்பியில் சிவப்புத் துணி கட்டுவான்.
வெயிலில் அந்தக் கம்பி கண்ணுக்குத் தெரியாது.
உப்பிய பேட்டரியைத் தனியே எடுத்து வைப்பான்.
ஆற்று மணலைப் பார்க்க ஆசை இருந்தால்
எங்கள் வண்டிக்கு வாருங்கள்:
ஒரே ஒரு வாளி, தீப்பிடித்தால் கொட்ட.

இன்றைக்கு வீரவநல்லூர், ஆடி பன்னிரண்டு.
கன்னடியன் காலில் தண்ணீர் நிறைந்து போகிறது.
கார் நெல்லில் இலைச்சுருட்டுப் புழு.
நல்லபெருமாள் அண்ணாச்சி பைக்கை விட்டு இறங்காமலே
"பக்கத்து வயக்காரன் நேத்தே அடிச்சிட்டான்,
நீ இன்னும் மூங்கிலை நட்டு வேடிக்கை பாக்க" என்றார்.
மூங்கில் நுனியில் என் பழைய ரவிக்கைத் துண்டு.
அது கிழக்கே நீட்டி விறைத்து நின்றது.
காற்றுமானியில் ஏழு.
கிழக்கே கால்கரையில்
களையெடுத்த பெண்கள் தூக்குவாளி திறந்திருந்தார்கள்.
ஏழெட்டுப் பேர், ஒரு தொட்டில்.

"அண்ணாச்சி, இப்ப அடிச்சா மருந்து பயிர்ல நிக்காது."

"ஒனக்குப் பயம்னா சொல்லு தாயீ,
அம்பாசமுத்திரத்துப் பயலைக் கூப்பிடுதேன்."

கூப்பிட்டார்.
ஒரு மணி நேரத்தில் வந்தான், புது மெஷின், கறுப்புக் கண்ணாடி.
டெம்போ கதவைப் பாதி திறந்தவன்
மூங்கிலைப் பார்த்தான்.
என் கையைப் பார்த்தான்.
"எவ்வளவு காட்டுது அக்கா?"
"ஏழு. இடையில ஒம்பது."
கதவைச் சாத்தினான்.
"அண்ணாச்சி, டீ எங்க நல்லா இருக்கும்?"

அண்ணாச்சி எங்கள் மூவரையும்
பொதுவாக ஒரு வார்த்தை வைதுவிட்டு பைக்கை உதைத்தார்.
அது கிளம்பவில்லை, மறுபடி உதைத்தார்.

கரையில் சாப்பிட்டு முடித்து
ஒருத்தி கால் தண்ணீரில் வாளி கழுவுகிறாள்.
தொட்டில் பிள்ளை எழுந்து அழுகிறது,
வெறும் பசிக்காகத்தான்.
தங்கள் மீன்குழம்பில் எது விழாமல் போனதென்று
அவர்களுக்கு ஏன் தெரிய வேண்டும்.

மிக்கேல் குறிப்பேட்டை நீட்டுகிறான்.
இன்றைய தேதி. காற்று ஏழு, தென்மேற்கு.
பறப்பு இல்லை.
"கூலி என்னன்னு எழுத?"
"கோடு போடு."
"டீசல் இருநூறுக்கா."
"அதை எழுது.
காலையில அஞ்சரைக்கு வாரோம்னு
அண்ணாச்சிக்குப் போன் போடு.
இப்ப வேண்டாம்,
பைக் கிளம்பட்டும்."