மூன்று கோடு

லிங்கிச் செட்டித் தெருவில்
மைக்ரோமீட்டர் வாங்கிய அன்று
பெட்டிக்குள் ஒரு பள்ளம் காலியாக இருந்தது.
"அது சோதனைக் கம்பி வைக்கிற இடம்மா, ஐம்பது எம்.எம்.
இது கைமாறி வந்த சரக்கு.
கம்பி தனியா வேணும்னா அறுநூறு."
அந்த அறுநூறுக்கு ஃபீலர் கேஜ் ஒரு கட்டு வாங்கினேன்.
பள்ளத்தில் சாக்பீஸ் போட்டு வைத்தேன்.

இரண்டு வருஷம்.
காசிமேட்டில் என் தகரக் கூரைக்கு வந்த
படகு மோட்டார் ஒவ்வொன்றின் சிலிண்டரையும்
மேலே நடுவே கீழே,
கால் வட்டம் திருப்பி மறுபடி மேலே நடுவே கீழே
அளந்து நோட்டில் எழுதினேன்.
திருகை நெரித்ததில்லை.
வால் முனையை இரண்டு விரலால் சுற்றி
டிக் டிக் டிக், அதோடு நிறுத்துவேன்.
உப்புக் காற்று தொடாமல்
ராத்திரி எண்ணெய்த் துணி போர்த்துவேன்.
எல்லா மரியாதையும் செய்தேன்,
ஒரு கேள்வி மட்டும் கேட்கவில்லை.

இன்று பேரிங் வாங்கப் போனவள்
கம்பியையும் வாங்கி வந்தேன்.
கையில் பணம் இருந்தது, அவ்வளவுதான்.

ஐம்பது என்று சொல்ல வேண்டிய கருவி
ஐம்பதும் மூன்று கோடும் என்றது.

வெயில் மேல் பழி போடப் பார்த்தேன்.
இருபது டிகிரியில் சரி என்று அட்டையில் போட்டிருக்கிறது.
ராயபுரத்தில் இருபது டிகிரியை யார் பார்த்தது?
கம்பியையும் கருவியையும் ஒரே ஃபேனுக்கு அடியில்
ஒரு மணி நேரம் படுக்க வைத்தேன்.
வாய் இரண்டையும் துடைத்து, மறுபடி.
மூன்று கோடு.

இதைப் பார்த்துத்தான் போர் கேஜுக்கு சைபர் வைக்கிறேன்.
இது சொன்ன பொய்யை
அது அப்படியே சிலிண்டருக்குள் கொண்டுபோயிருக்கிறது.
பிஸ்டனையும் இதிலேயே அளந்திருந்தால்
பொய்யோடு பொய் கழிந்திருக்கும்.
போன வாரம் தேசப்பன் மோட்டாருக்கு
பிஸ்டன் அளவை அட்டைப்பெட்டியில் படித்துக்கொண்டேன்.
அவசரம்.
ஐந்து கோடு இடைவெளி விட்டதாய் நினைத்த இடத்தில்
இருப்பது இரண்டு.
சூடேறினால் பிடித்துக்கொள்ளும்.

போன் போட்டேன்.
தொடர்பு எல்லைக்கு வெளியே.
அதாவது கடலில்.

ஏலக் கூடத்துக்குப் பின்னால் நின்று
வருகிற ஒவ்வொரு படகையும் காதால் பார்த்தேன்.
மூன்றே காலுக்கு வந்தான், மோட்டார் ஓடியபடி.
ஓட்டத்துக்குள் மெல்லிய கீச்சு ஒன்று.
எனக்கு மட்டும் கேட்டதோ என்னவோ.

விளக்கம் சொல்ல வாய் வரவில்லை.
கம்பியை இடுக்கி அவன் கையிலேயே கொடுத்தேன்.
செதில் ஒட்டிய விரல்.
"மெதுவா. மூணு டிக்."
"மூணு கோடு காட்டுது. அதனால?"
"காட்டக்கூடாது."
"தலைமுடி கனம் வருமாக்கா?"
"அரை முடி."
போனைப் பார்த்தான், தண்ணியைப் பார்த்தான்.
"அரை முடிக்கா பதினேழு தடவ கூப்ட்ட?"

ராத்திரியே பிரித்தோம்.
பிஸ்டன் விலாவில்
நகம் கீறியது போல் ஒரு வெள்ளிக் கோடு.
அவன் அதை ரொம்ப நேரம் தடவிக்கொண்டிருந்தான்.
ஹோனிங் என் செலவு.

சாக்பீஸ் மாவைத் துடைத்ததும்
கம்பி பள்ளத்தில் உட்கார்ந்தது.
நோட்டில் இன்னும் பதினொரு பெயர்.
முதல் பெயருக்கு ரிங் போகிறது.