சுடப்பட்ட பின் பார்ப்பவன்

படம் எடுக்க
முதலில் நான் சாக வேண்டும்.
விளையாட்டின் விதி அது.
உயிரோடிருப்பவன் தன் துப்பாக்கி நுனியோடு சரி;
செத்தவனுக்குத்தான்
சுவர் தாண்டி, கூரை தாண்டி
எங்கும் மிதக்கும் கண்.

தியோடோரா சுடுவாள்.
பல் மருத்துவமனையில் பகலெல்லாம்
"கொஞ்சம் வலிக்கும்" என்று சொல்லிப் பழகியவள்
அதையே சொல்லிவிட்டுச் சுடுவாள்.
விழுவேன். எழுவேன், எடையில்லாமல்.
"கேமரா தயார்" என்பேன்.

பெல்கிரேடில் மணி இரண்டு.
பதினோராம் மாடி, லிஃப்ட் மறுபடி பழுது.
வூகாஷின் பஸ் டிப்போவிலிருந்து
மூச்சிரைக்கச் சீருடையோடு வந்து
ஹெட்போனை மாட்டிக்கொண்டு
கணவன் ஆகிறான்.

கதை சின்னது.
பிரியப்போகும் இருவர்
ஒரு பேருந்துக்குக் காத்திருக்கிறார்கள்.
கிடைத்த நிலமோ பாலை:
மணல், எரிந்த லாரி, குண்டு வைக்க இரண்டு இடம்.
லாரிதான் பேருந்து நிறுத்தம் என்று
நாங்களே நம்பிக்கொள்ள வேண்டும்.
நம்பினோம். மூன்றாம் இரவில்
எனக்கு அங்கே டீசல் மணந்தது.

இந்த உடல்களுக்குத் தெரிந்தது
ஓட, குனிய, குறிபார்க்க.
உட்காரத் தெரியாது. தொடத் தெரியாது.
உதடு ஒட்டியே இருக்கும்;
பேசுவது யாரென்று காட்ட
மவுஸை லேசாக ஆட்டித் தலையசைக்கிறோம்.
அழ வேண்டிய இடத்தில் தியோடோரா
எனக்கு முதுகு காட்டி நின்றாள்,
ஒரு விசையும் தொடாமல், நாற்பது நொடி.
மூச்சு மட்டும் எல்லோருக்கும் நிரலில் உண்டு:
தோள் ஏறும், தோள் இறங்கும்.
அதை எழுதியவன் யாரோ, எந்த ஊரிலோ,
படைவீரன் களைத்திருப்பான் என்று நினைத்து எழுதியிருப்பான்.
நான் அருகே மிதந்து போய்ப் பார்த்தேன்.
அழுகைதான்.

துப்பாக்கியைக் கீழே வைக்க வழியே இல்லை.
"உன்னை நான் வெறுக்கவில்லை" என்று அவன் சொல்லும்போது
குழல் அவள் நெஞ்சுக்கு நேரே.
தரையைப் பார்த்தால்
குழலும் தரையைப் பார்க்கும் என்று தெரிய
ஒரு வாரம் ஆயிற்று.
ஆகவே எங்கள் படத்தில்
அன்புள்ளவர்கள் தலைகுனிந்தே பேசுவார்கள்.

கடைசிக் காட்சி. சுற்றுக்கு ஐந்தே நிமிடம்.
பூட்ட மறந்த வாசல் வழியே
எவனோ நுழைந்தான்.
பெயர் இல்லை, ஒன்பது இலக்கம்.
மணல்மேட்டில் முளைத்து ஓடி வந்தான்,
குறி தவறாமல்.
"போச்சு" என்றான் வூகாஷின்.
செத்தவன் எழுதுவது
உயிருள்ளவன் திரைக்கு வராது;
நான் பார்க்கத்தான் முடியும்.

இருவரும் அசையவில்லை.
அவன் ஒருவரைச் சுற்றினான், மற்றவரைச் சுற்றினான்,
லாரியைப் பார்த்தான்.
பிறகு
எங்களுக்கு ஒரு வாரம் பிடித்ததை
நான்கு நொடியில் புரிந்துகொண்டு
தரையைப் பார்த்தான்.
வரிசையில் மூன்றாவது ஆளாக நின்றான்.
நேரம் முடிந்தது.

சலவை நிலையத்துச் சுவரில் படத்தைப் போட்டோம்,
மூடிய பின், பத்தொன்பது பேருக்கு.
வூகாஷினின் முழங்கால் லாரிக்குள் புகுந்தபோது
சிரித்தார்கள். சிரிக்கட்டும்,
நாங்களும் சிரித்தவர்கள்தான்.
அந்நியன் மேட்டில் தோன்றிய கணம்
பின்வரிசை மனிதர் ஒருவர், ஐம்பது இருக்கும்,
கை நீட்டி
முன்னால் இருந்த யார் வீட்டுப் பையனையோ
பின்னந்தலையில் பிடித்து அழுத்தினார்,
குனி என்பதுபோல்.
பையன் குனிந்தான். ஏனென்று கேட்கவில்லை.

பேருந்து வரவில்லை; அதை நாங்கள் எடுக்கவே இல்லை.
பெயர்கள் ஓடின. நடித்தவர்கள் மூவர்.
மூன்றாவதைத் தியோடோரா
இலக்கம் இலக்கமாக
சத்தமாய் வாசித்தாள்.

ஏழாவது இலக்கத்தில்தான்
அவர் கையை எடுத்தார்.