இரவல் கண்ணாடி

ரத்தன் பஜார். சீமைத்துணிக் கடை வாசல்.
லத்தியை ஓங்கியபோது
ஒரு நிமிஷம் என்றார் இராஜாபாதர்.
கண்ணாடியைக் கழற்றி, மடித்து,
வைக்க இடம் தேடி
என்னிடமே நீட்டினார்:
"இரவல். உடைஞ்சா குடுக்க வக்கில்ல."

இடக்கையில் அதைப் பிடித்தபடி
வலக்கையால் அடித்தேன்.
எண்ணியது சார்ஜன்ட்.
தடுக்க ஒரு கையும் எழவில்லை.
ஒரு பல் மட்டும் சாக்கடையோரம்.

ஆறு மாதம் அவர் ஜெயிலில்,
கண்ணாடி என் டிரங்குப் பெட்டியில்.
மாட்டிப் பார்த்த மனைவி
தலை சுற்றுது என்றாள்.
யாருது என்றும் கேட்டாள்.

விடுதலையான மறுநாள்
சீருடை இல்லாமல்
சிந்தாதிரிப்பேட்டைக்குப் போனேன்.
வேட்டி நுனியில் துடைத்து
மாட்டிக்கொண்டு நிமிர்ந்தார்.
"ஓ, நீங்கதானா?
அன்னிக்கு முகம் தெரியல.
உட்காருங்க."

நான்
நின்றுகொண்டே இருந்தேன்.