பெரும்பாலும் விடை ஆ

சோஹார் துறைமுகச் சாலை.
கம்பெனிப் பேருந்து நாலு நாற்பதுக்கு
இரண்டாவது ரவுண்டானாவைத் தாண்டும்போது
நாற்பது சட்டைப்பைகளில் ஒரே மணி.

பாடம் வந்துவிட்டது.
மூன்று நிமிடம், முடிவில் ஒரு கேள்வி.
முடிக்காதவனுக்கு கேட்டில் சிவப்பு விளக்கு.
சிவப்பென்றால் அரைநாள் கூலி போச்சு.

இசக்கிமுத்துவின் விரலை போன் மதிப்பதில்லை.
பதினொரு வருஷம் டேங்கில் துரு சுரண்டி
தின்னரில் கழுவிக் கழுவி
ரேகை போன விரல்.
அமுக்குவான், தேய்ப்பான்,
ஒருநாள் மூக்கால்கூட முட்டிப் பார்த்தான்.
அப்படி ஒருவன் இருப்பதே
கண்ணாடிக்குத் தெரியவில்லை.

அவனுக்கும் அவனைப் போல நாலு பேருக்கும்
என் ஆள்காட்டி விரல்தான்.
ஆளுக்கு வாரம் ஒரு டீ.
மடியில் என்னுடையதோடு ஆறு போன்.

தாண்டிப் போகும் பொத்தானை
எவனோ கெட்டிக்காரன் எடுத்துவிட்டான்.
ஆறும் ஒன்றன் வாலை ஒன்று பிடித்துப் பேசும்.
பொம்மை மேஸ்திரி வருவார்.
அவர் சட்டையில் வேர்வை வரைய
படம் போட்டவருக்கு மறந்துவிட்டது.
தமிழை எந்த எந்திரம் பெயர்த்ததோ,
"ஏணியின் உச்சிப் படியில் நிற்பதை
ஊக்கமிழக்கச் செய்யவும்" என்பார் மேஸ்திரி.
நான் கேட்பதில்லை.
அ எப்போதும் முட்டாள்தனம்.
இ என்றால் மேலாளரைக் கூப்பிடு.
விடை பெரும்பாலும் ஆ.

பாடம் முப்பத்தொன்று வந்த அன்று
பேருந்தே சிரித்தது.
தலைப்பு: வெப்பப் பக்கவாதம்.
"வெயில்ல கை கால் இழுத்துக்குமாடே?"
பால்வண்ணன் வாயைக் கோணிக் காட்டினான்.
இசக்கி மட்டும் ஜன்னலில் தலை சாய்த்து
கண்ணை மூடியிருந்தான்.
ஆ, ஆ, ஆ, ஆ, ஆ, ஆ.
ஆறும் பச்சை.

ஒன்பதாம் நம்பர் டேங்கின் கூரை.
பதினொன்றேகால்.
ஓய்வு மணிக்கு இன்னும் ஒன்றேகால் மணி நேரம்.
வேர்வை நின்றிருந்தது.
காற்று வருகிறது போல என்று நினைத்துக்கொண்டேன்.
ஸ்பேனர் கேட்க வாயைத் திறந்தேன்,
வந்தது வீட்டு கேஸ் புத்தகத்தின் நம்பர்.
ரஃபிகுல் என்னையே பார்த்தான்.
அப்புறம் ரஃபிகுல் இரண்டு பேரானான்.

அக்குளில் கை கொடுத்து
யாரோ என்னை இழுத்துப் போனார்கள்.
தகரம் முதுகைச் சுட்டது.
மேலே ஒரு குரல்,
பேருந்தில் தினமும் கேட்கும் அந்தச் சிலேட்டுத் தமிழ்:

"பாதிக்கப்பட்ட நபரை நிழலுக்கு இடமாற்றம் செய்க.
மாப்ள, கண்ண மூடாத.
தலைக்கவசத்தை அகற்றுக.
ஈரத் துணியைக் கழுத்தில், அக்குளில் பயன்படுத்துக.
ரஃபிகுல், பானி, பானி லாவ்!
ஏ, வாயில ஊத்தாத...
குழப்பமான நபருக்கு
குடிக்க எதையும் வழங்குதல் கூடாது."

ஒரு சொல் பிசகவில்லை.
ஒவ்வொரு விடியலிலும் என் மடியிலிருந்து
ஆறு முறை பேசிய பாடத்தை
ஆறு முறையும் அவன் கேட்டிருக்கிறான்.
தூங்குகிறான் என்று நினைத்து
சத்தத்தைக் குறைக்காமல் விட்டது மட்டுமே
நான் செய்த நல்ல காரியம்.

சேஃப்டி ஆபீசர் கிளினிக்குக்கு வந்தார்.
டேப்லெட்டைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.
"முப்பத்தொண்ணு... நூத்துக்கு நூறு.
உனக்கு எப்படி ஞானராஜ்?"
என் ஆள்காட்டி விரலில்
நாடி பார்க்கும் கிளிப் மாட்டியிருந்தது.
அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் நாலு ஐம்பதுக்கு போன்.
பின்னால் பேருந்தின் இரைச்சல்.

"மாப்ள, கெடக்கியா? தூங்கு தூங்கு.
பாடம் வந்துட்டு.
பூரா கேட்டாச்சு, வெரல்தான் இல்ல.
பால்வண்ணன் அமுக்குதேங்கான்.
இன்னைக்கு ஆ இல்ல, பாத்துக்க.
சொன்னா
ஒரு பய நம்ப மாட்டேங்கான்."