பதினேழு பொட்டுகள்

நீரிணையைக் கடக்கும் படகில் கார் நின்றது.
காரில் நான், சுருட்டிய வரைபடங்கள் இரண்டு,
ஒட்டும் பொட்டுகள் மூன்று தாள்:
பச்சை, மஞ்சள், சிவப்பு.
சிலோயே தீவு. பிப்ரவரி.
மழைக்குப் பேர்போன மண்ணில்
நாற்பது நாளாய் வானம் வெளுத்துக் கிடந்தது.

கில்முவே பள்ளியின் விளையாட்டுக் கூடம்.
ஐம்பது நாற்காலி, முப்பத்தொரு பேர்.
தேநீருக்குக் குழாயைத் திறந்தேன்.
இருமியது, அவ்வளவுதான்.
"செவ்வாய்க்கிழமை லாரி வரும்" என்றார் காவலாளி,
பேருந்து நேரம் சொல்வதுபோல.

என் வேலை குறிப்பெடுப்பது.
மண்டலக் காலநிலைச் செயல்திட்டம், மூன்றாம் கலந்தாய்வு.
நான்கு கட்டங்கள்:
செயல், பொறுப்பு, காலக்கெடு, செலவு.
பேசுவதையெல்லாம் இவற்றுக்குள் அடைக்க வேண்டும்.
அடைபடாததற்கு ஐந்தாவது கட்டம் கிடையாது.

எர்சீரா நாவெல்கின் சிப்பி பொறுக்குபவர்.
சிவப்புப் பொட்டைக் கடலில் ஒட்டினார்.
"வரைபடம் கரையோடு முடிகிறது, அம்மா."
"உங்களுக்கு முடிகிறது" என்றார்.
பொட்டு அங்கேயே இருந்தது.

பிறகு சதுப்பு.
தன் எடையைப்போல் இருபது மடங்கு நீரைக் குடித்துவைத்துக்
கோடையில் சொட்டுச் சொட்டாய்த் திருப்பித் தரும் பாசி.
அதைப் பிடுங்கி, உலர்த்தி, மூட்டை கட்டிக்
கப்பலேற்றுகிறார்கள்.
எங்கோ ஒரு நகரத்து ஜன்னலோரம்
ஆர்க்கிட் செடியின் காலடியில் கிடக்கிறது அது.

"செயல்: பாசி எடுக்கத் தடை" என்று எழுதினேன்.
எலியேசர் மில்யலோங்கோ எழுந்தார்,
நகக்கண்ணில் இன்னும் பச்சை.
"தடை. எழுதச் சுலபம்.
அந்த மூட்டைதான் என் மகளின் கல்லூரி.
அது எந்தக் கட்டத்தில் வரும்?"
"என் கிணறு?" என்றாள் ரொசால்பா சிகுவாய்,
உட்கார்ந்தபடியே.
"உன் மூட்டையில்தான் போகிறது என் கிணறு, எலியேசர்."
இருவரும் சம்பந்திகள் என்று பிறகுதான் தெரிந்தது.

இரண்டு மணி நேரம்.
அடித்து அடித்து எழுதிக் கை ஓய்ந்தது.
தடை போயிற்று.
கையால் மட்டும், மண்வெட்டி கூடாது என்று வந்தது.
ஒரு பட்டை எடுத்தால் அடுத்த பட்டையைத் தொடாதே என்று வந்தது.
எத்தனை ஆண்டு?
எலியேசர் ஐந்து என்றார், ரொசால்பா பன்னிரண்டு.
இரண்டையும் எழுதி நடுவே ஒரு கேள்விக்குறி வைத்தேன்.
தலைமை அலுவலகம் அதைப் பிழையென்று திருத்தும்.
தெரிந்தேதான் வைத்தேன்.

பொறுப்பு?
அச்சடித்தே வந்திருந்தது: தொடர்புடைய தரப்பினர்.
எர்சீரா மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.
"யார் இவர்? இவரிடம் போன் இருக்கிறதா?"
கூடம் சிரித்தது. நானும்.
சிரிப்பு அடங்கியபின்னும் அந்தக் கட்டம் அப்படியே இருந்தது.
ரொசால்பா எழுந்து வந்து என் பேனாவை வாங்கித்
தன் எண்ணை எழுதினாள்.
கீழே எலியேசர், முகத்தைச் சுளித்துக்கொண்டு,
தன்னுடையதை.

இரண்டாம் வரைபடத்தில் பொட்டுகளை அப்படியே ஒட்டிச்
சுவரில் மாட்டிக்கொண்டார்கள்.
எங்களை நம்பாமல் இல்லை, என்றார்கள்.

இரவுப் படகு. வீடு.
கோட்டைக் கழற்றும்போது
முழங்கையில் ஒரு சிவப்புப் பொட்டு.
விரித்து எண்ணினேன்: பதினாறு.
குறிப்பில் பதினேழு.
எந்தக் கிணறு, எந்த ஓடை,
யாருடைய செவ்வாய்க்கிழமை?
கடலில் ஒட்டியது மட்டும்
கடலிலேயே இருந்தது.

காலையில் பொறுப்புக் கட்டத்தைப் பார்த்து எண்ணை அழுத்தினேன்.
ரொசால்பா போனை வைக்காமலே பள்ளிக்கு நடந்தாள்.
மேடு ஏறும் மூச்சு, ஒரு நாய், கதவு.
விரல் வைத்து எண்ணும் முணுமுணுப்பு.

"பள்ளிக்கூடம்" என்றாள்.
"நாம் உட்கார்ந்திருந்த இடம்.
நீங்கள் ஒட்டியதுதானே,
குழாய் இருமிய கையோடு?"

எனக்கு நினைவில்லை.
பசை தேடினேன்.