உதயாதி நாழிகை

பென்னாகரம் சாலையில் என் கடை.
ஜெராக்ஸ், ஆதார் திருத்தம், பட்டா நகல்,
போர்டில் இடம் போதாமல் ஓரமாய்
கம்ப்யூட்டர் ஜாதகம்.

ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தேன்.
குனிந்து உள்ளே வந்தார் சென்றாயன்,
சட்டையில் தக்காளிக் கறை.
மனைவி அனுப்பிய செய்தியை நீட்டினார்.
ஆண். மூன்று கிலோ நூறு.
செவ்வாய், மாலை ஐந்து பன்னிரண்டு.
எட்மண்டன்.

"பொறந்த ஊரு தருமபுரின்னு போடுங்க."
போட முடியாது என்றேன்.
"அவ அங்க நர்ஸு. எனக்கு இன்னும் விசா வரல.
அப்புறம் பையன் எந்த ஊருங்க?"
மென்பொருளில் அதற்குக் கட்டம் இல்லை.
அட்சரேகை கேட்டது, தீர்க்கரேகை கேட்டது,
கோடைக்கால நேரமா என்று கேட்டது.

பழக்கதோஷத்தில் ஆம் என்று தட்டிவிட்டேன்.
இங்கே விடிகாலை நாலு நாற்பத்திரண்டு என்றது.
அவர் கண்ணை மூடிக் கணக்குப் பார்த்தார்.
"நாலே முக்காலுக்குத் தொப்பூர் கணவாயில கெடந்தேன்.
முன்னால ஒரு டேங்கர் கவுந்திருச்சு.
எவனையோ அவன் ஆத்தாளச் சொல்லித்
திட்டிட்டிருந்தேன்."
முகம் சுண்டிப்போனது.
நான் திரையைப் பார்ப்பதுபோல் இருந்தேன்.

அப்போதுதான் உறைத்தது.
நவம்பர் முதல் ஞாயிறு அந்த ஊரில்
கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு இழுப்பார்கள்.
வெயிலைச் சேமிக்கும் கணக்காம்;
நமக்கு அதைச் செலவழித்து மாளாது.
இழுத்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.
பதினொன்றரை இல்லை, பன்னிரண்டரை.
மாற்றித் தட்டினேன்.
ஐந்து நாற்பத்திரண்டு.

பிடுங்காத குறையாய்ப் போனை வாங்கி
மேலும் கீழும் தள்ளினார்.
பாளையம் டோல்கேட், பாஸ்டேகில் பணம் பிடித்த செய்தி:
05:41.
"கம்பி மேல போச்சு," என்றார்.
அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.
"கம்பி மேல போச்சு, நான் கியர் மாத்தினேன்,
அவன் வந்துட்டான்."

செவ்வாயா புதனா என்று கேட்டார்.
அங்கே செவ்வாய்.
இங்கே காலண்டர் தாள் கிழித்தவர்களுக்குப் புதன்.
பஞ்சாங்கம் நள்ளிரவை மதிப்பதில்லை,
சூரியன் வந்தால்தான் அதற்கு மறுநாள்.
தருமபுரியில் அன்று உதயம் ஆறு பன்னிரண்டு.
உதயாதி நாழிகை ஐம்பத்தெட்டே முக்கால்,
அறுபதுக்கு ஒன்றேகால் குறை.
ஆக, இங்கேயும் செவ்வாய்தான்.

எட்மண்டனில் நாலரைக்கே பொழுது சாய்ந்திருந்தது.
அங்கே போய்விட்டது, இங்கே இன்னும் வரவில்லை.
இரண்டு ஊருக்கும் சேர்த்து
ஒரே இருட்டு.
ஒரு முனையில் பிரசவ அறை விளக்கு,
மறுமுனையில் டோல்கேட் விளக்கு.

லக்னம்தான் ஒத்துப்போகவில்லை.
அந்த ஊருக்கு ரிஷபம், இந்த ஊருக்குத் துலாம்.
பிறந்த இடம் எட்மண்டன் என்றே அச்சிட்டேன்.
ஒன்று மட்டும் சொன்னேன்,
தொழிலுக்காகச் சொன்னதில்லை:
இரண்டு வீட்டுக்கும் சொந்தக்காரன் சுக்கிரன்.
சாவி ஒருத்தனிடம்தான் இருக்கிறது.

டோல்கேட் செய்தியையும் ஒரு பிரிண்ட் கேட்டார்.
அதற்குப் பத்து ரூபாய்.
வாங்கவில்லை என்று எழுத ஆசை.
வாங்கினேன்.

"இப்ப அங்க மணி என்னங்க?"
சுவரில் ஒன்பது ஐந்து.
அரை மணியைக் கழி, இரவைப் பகலாக்கு.
எட்டு முப்பத்தைந்து என்றேன், காலை.
"நேத்தா?"
இல்லை, இன்றைக்குத்தான்.
"இன்னைக்கேவா?"
அதை நம்பத்தான் அவருக்கு நேரம் பிடித்தது.

இரண்டு தாளையும் ஒரே உறையில் மடித்துப் போட்டு
ஷட்டருக்கடியில் குனிந்து வெளியேறினார்.
சாலையோரம் அவர் வண்டியின் இண்டிகேட்டர்
அணைக்க மறந்து
விட்டு விட்டு மினுங்கிக்கொண்டிருந்தது.