தெரியாத ஆள்

தெரியாத ஆள் எப்படி இருப்பார் என்று
போன ஞாயிறு கேட்டாள் ஜெமிமா.
எப்படியும் இருப்பார் என்றேன்.
அது அவளுக்குப் போதவில்லை.
மீசை, சோடாபுட்டிக் கண்ணாடி, தோளில் ஒரு பை.
கிரேயானில் வரைந்து நீட்டினாள்.
அப்படியே நான்.

படத்தை ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டுப் பாடம் நடத்தினேன்.
மிட்டாய் தந்தால் வாங்காதே.
அம்மா கூப்பிடுறாங்க என்றால் நம்பாதே.
கையைப் பிடித்தால் கத்து, வெட்கப்படாதே.
தெரிந்த மாமாவாக இருந்தாலும் கத்து என்னும்போது
என் குரல் ஏனோ இறங்கிப்போனது.

நேற்று ஏழேகால் மணி, கோடம்பாக்கம்.
இறங்குகிற கூட்டத்தோடு
ஒரு பையனையும் உதறிவிட்டுக் கிளம்பியது தாம்பரம் வண்டி.
ஐந்து வயதிருக்கும்.
லேடீஸ் பெட்டியிலிருந்து ஒரு கை
மாம்பலம் வரைக்கும் நீண்டுகொண்டே போனது.

அவன் அழவில்லை.
பெஞ்சின் இரும்புக்காலைக் கட்டிக்கொண்டான்.
குனிந்து பேர் கேட்டேன். சொல்லவில்லை.
என் கை, என்னைக் கேட்காமலே,
ஜெமிமாவுக்கு வாங்கிய கடலைமிட்டாயைப் பிரித்து நீட்டியது.
"வா தம்பி, அம்மாகிட்ட கூட்டிட்டுப் போறேன்."

சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது.

"நீங்க யாரு? எனக்குத் தெரியாது!"
பிளாட்பாரம் மொத்தமும் திரும்பியது.
லுங்கி கட்டிய ஒருவர் என் காலரைப் பிடித்தார்.
நியாயம்தான்,
நானாக இருந்தாலும் பிடித்திருப்பேன்.

நாலடி தள்ளித் தரையில் உட்கார்ந்தேன்,
இரண்டு கையும் எல்லார் கண்ணிலும் படும்படி.
கர்ச்சீப், சேஃப்டி பின் விற்கிற பெண் வந்தாள்,
இடுப்பில் கைக்குழந்தை.
அவன் பெஞ்சை விட்டுவிட்டு
நேராகப் போய் அவள் முந்தானையைப் பிடித்தான்.
"குழந்தை வச்சிருக்க ஆன்ட்டிகிட்ட போகணும்,
எங்கம்மா சொல்லிருக்காங்க."

எதைக் கண்டு ஓடணும் என்றுதான் நான் சொல்லியிருக்கிறேன்.
எங்கே ஓடணும் என்று
ஜெமிமாவிடம் சொன்னதே இல்லை.

எதிர்வண்டியில் வந்தாள் தாய், ஒற்றைச் செருப்போடு.
"லோகித்தூ..."
அதற்கப்புறம்தான் அழுதான் பையன்,
அதுவரை சேர்த்துவைத்திருந்ததையெல்லாம்.
யாரும் என்னைப் பார்க்கவில்லை.
காலர் பிடித்தவர் மட்டும்
தெறித்த பொத்தானைத் தேடி எடுத்துத் தந்தார்.
"தப்பா நினைக்காதீங்க சார்."
இல்லை என்றேன். இல்லைதான்.
இருந்தும் கை நடுங்கி
அடுத்த இரண்டு வண்டியை விட்டுவிட்டேன்.

பல்லாவரம் வந்து சேர ஒன்பது.
பாதி பிரிந்த மிட்டாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள் ஜெமிமா.
"யாருக்குக் குடுத்தீங்க?"
"ஒரு பையனுக்கு. வாங்கிக்கல."
"எந்தப் பையன்?"
"தெரியாத பையன்."

ஃபிரிட்ஜை ஒரு தரம் பார்த்தாள்,
என்னை ஒரு தரம்.
அப்புறம் வாங்கிக் கடித்தாள்.